கெர்னல் பிழைத்திருத்தமும் பழைய புரோகிராம்களும்: சேலத்தில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறைகள், ஆத்தூர் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகள், ஏற்காட்டில் ஒன்றிரண்டு காப்பி எஸ்டேட் அலுவலகங்கள், இங்கெல்லாம் இருக்கிற லினக்ஸ் கணினிகளைப் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. அப்டேட் போட்ட மறுநாள் போன் வரும். கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிற பிள்ளைகளும் கேட்பார்கள், அவர்கள் கேட்கிற விதம் வேறாக இருக்கும், ஆனால் சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்குத்தான் வந்து சேரும்: தப்பைத் திருத்துவது முக்கியமா, ஏற்கெனவே ஓடுவதைக் கெடுக்காமல் இருப்பது முக்கியமா? ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

கெர்னலுக்கும் என் பில் போடுகிற புரோகிராமுக்கும் என்ன சம்பந்தம்?

கெர்னல் என்பது இயங்குதளத்தின் மையப் பகுதி, கணினியின் வன்பொருளுக்கும் புரோகிராம்களுக்கும் நடுவே நிற்பது. உங்கள் புரோகிராம் தானாக எதையும் செய்ய முடியாது. கோப்பைத் திறக்க, தராசிலிருந்து எடையைப் படிக்க, மணி என்ன என்று பார்க்க, எல்லாவற்றுக்கும் கெர்னலிடம்தான் கேட்க வேண்டும். அப்படிக் கேட்கிற வழிக்குப் பெயர் சிஸ்டம் கால். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. எதைக் கொடுத்தால் எது திரும்பி வரும், தவறினால் எந்தப் பிழை எண் வரும் என்பதெல்லாம் ஏற்பாடு. அந்த ஏற்பாடு மாறினால், பல வருஷத்துக்கு முன்பு எழுதப்பட்டு, எழுதியவர் இப்போது எந்த ஊரில் இருக்கிறார் என்றே தெரியாத புரோகிராம் ஒரே நாளில் படுத்துவிடும்.

பிழை என்று தெரிந்த பிறகும் ஏன் சிலவற்றைத் திருத்தாமல் விட்டுவைக்கிறார்கள்?

அதை நம்பி யாரோ இருப்பதால். லினக்ஸில் இதற்கு, அதை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் வைத்திருக்கிற விதி ஒன்றுதான்: பயனரின் புரோகிராமை உடைக்கக் கூடாது. ஒரு கெர்னல் மாற்றத்தால் நேற்றுவரை ஓடிய புரோகிராம் இன்று ஓடவில்லை என்றால், அது கெர்னலின் பிழை. புரோகிராம் அசிங்கமாக எழுதப்பட்டிருக்கலாம், ஆவணத்தை மீறி எழுதப்பட்டிருக்கலாம், அது வேறு கணக்கு.

2012 டிசம்பரில் இது பெரிய சண்டையாகவே வந்தது. கெர்னலின் 3.8 பதிப்பு வெளிவருவதற்கு முந்தைய சோதனைப் பதிப்பில், மீடியா டிரைவர் பகுதியில் ஒரு பிழை எண்ணை மாற்றியிருந்தார்கள். அதனால் டெஸ்க்டாப்பில் ஒலி சம்பந்தப்பட்ட புரோகிராம்கள் குழம்பின. அந்தப் பகுதியைப் பராமரித்தவர், தப்பு அந்தப் புரோகிராமில்தான் என்கிற தொனியில் பதில் எழுதினார். டோர்வால்ட்ஸ் அவரை வறுத்தெடுத்துவிட்டார், பெரிய எழுத்துகளில். அவர் பேசிய விதம் எனக்குப் பிடிக்கவில்லை. அப்படிப் பேசியதற்காக 2018-ல் அவரே பொதுவாக மன்னிப்புக் கேட்டு, கொஞ்ச நாள் ஒதுங்கியும் இருந்தார். ஆனால் விஷயத்தில் அவர் பக்கம்தான் நியாயம். தப்பு யாருடையது என்று தீர்ப்பு எழுதிக்கொண்டிருப்பதால் அந்தக் கணினியில் ஒலி திரும்பி வராது.

இன்னொன்று சொல்கிறேன். கெர்னல் பூட் ஆகும்போது போகோமிப்ஸ் என்று ஓர் எண்ணைக் கணக்கிட்டு சிபியு விவரக் கோப்பில் எழுதும். சிபியுவின் உண்மையான வேகத்துக்கும் அந்த எண்ணுக்கும் பெரிய தொடர்பு கிடையாது, எதற்கும் உதவாத எண் என்றே சொல்லலாம். 2013-ல் ஏஆர்எம் சிப்களுக்கான கெர்னலில் அந்த வரியை எடுத்துவிட்டார்கள். சில புரோகிராம்கள் அந்த வரியைத் தேடிப் படித்துக்கொண்டிருந்தன, அவை நின்றுபோயின. 2015 தொடக்கத்தில் அதே வரி திரும்ப வந்தது.

நன்றாக ஓடிக்கொண்டிருந்ததை ஏன் சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுக்கிறார்கள்?

கோபம் புரிகிறது. ஆனால் கெடுப்பவர்கள் அநேகமாக நல்லது செய்யப் போனவர்கள்தான். 2019-ல் நடந்ததைப் பாருங்கள், இந்த விஷயத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த உதாரணம் இது.

டிஸ்க்கில் கோப்புகளை அடுக்கி வைக்கிற எக்ஸ்ட்4 கோப்பு முறைமையில் ஒரு நல்ல வேலை செய்தார்கள்: பூட் ஆகும்போது டிஸ்க்கைப் படிக்கிற தடவைகளைக் குறைத்தார்கள். அதில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் கெர்னல் ரேண்டம் எண்களை உருவாக்க, டிஸ்க்கிலிருந்தும் கீபோர்டிலிருந்தும் எதிர்பாராத நேரங்களில் வருகிற சின்னச் சின்ன அசைவுகளைச் சேகரிப்பதைத்தான் அப்போது பெரிதும் நம்பியிருந்தது. டிஸ்க் வேலை குறைந்ததும் அந்தச் சேகரிப்பும் குறைந்தது. லாகின் திரையைக் கொண்டுவருகிற புரோகிராம் ரேண்டம் எண் கேட்டுவிட்டுக் காத்திருந்தது, எண் வரவில்லை, கணினி பூட் ஆகாமல் அப்படியே தொங்கி நின்றது. யாராவது கீபோர்டைத் தட்டினால்தான் நகரும்.

இதில் யார் குற்றவாளி? எக்ஸ்ட்4 மாற்றம் சரியானது. பூட் சமயத்தில் அவசியமில்லாமல் ரேண்டம் எண் கேட்டது புரோகிராமின் தவறு என்று வாதாடலாம், சிலர் வாதாடவும் செய்தார்கள். ஆனாலும் 2019 செப்டம்பரில் 5.3 வெளியாகும் கடைசி நாளில் டோர்வால்ட்ஸ் திரும்ப எடுத்தது அந்த நல்ல மாற்றத்தைத்தான். அடுத்த 5.4-ல், அசைவுக்காகக் காத்துக் கிடக்காமல் கெர்னலே முயன்று ரேண்டம் தன்மையைச் சேர்க்கும்படி செய்தார்கள். முதலில் ஓடுவதைக் காப்பாற்று, அப்புறம் நிதானமாகச் சரிசெய். இந்த வரிசைதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

சரி, பாதுகாப்பு ஓட்டை என்றால்? அப்போதும் பழசைக் காப்பாற்றிக்கொண்டிருக்க முடியுமா?

இதுதான் உண்மையிலேயே கஷ்டமான கேள்வி. ஒரே விதியை வைத்து எல்லாவற்றையும் முடிக்க முடியாத இடம்.

முதலில் பழசைக் காப்பாற்றப் போய் வினையானது. 2016-ல் டர்ட்டி கவ் என்ற ஓட்டை வெளியே வந்தது. சாதாரணப் பயனர் கணக்கில் இருப்பவர், படிக்க மட்டும் அனுமதி உள்ள கோப்பில் எழுதி, ரூட் அதிகாரத்தையே, அதாவது கணினியின் முழுக் கட்டுப்பாட்டையே, கைப்பற்ற முடியும். ஆண்ட்ராய்டு போன்களையும் அது பாதித்தது. அந்த ஓட்டையைப் பதினோரு வருஷத்துக்கு முன்பே டோர்வால்ட்ஸ் ஒருமுறை அடைக்கப் பார்த்திருக்கிறார். அந்தத் திருத்தம் ஐபிஎம் மெயின்ஃபிரேம்களில் சிக்கல் தந்ததால் திரும்ப எடுக்கப்பட்டது. எடுத்ததில் தப்பில்லை, எடுத்த பிறகு வேறு வழியில் முழுதாக அடைக்காமல் விட்டதுதான் பின்னால் வந்து நின்றது.

அடுத்தது நேர் எதிர். 2012-ல் 3.6 பதிப்பில், எல்லோரும் எழுதக்கூடிய டெம்ப் போன்ற கோப்புறைகளில் வேறு கோப்புக்குப் போகிற இணைப்பு (லிங்க்) வைத்து ஏமாற்றுகிற பழைய தாக்குதலுக்குத் தடுப்பு போட்டு, அதை இயல்பாகவே இயங்கும்படி வைத்தார்கள். பல காலத் தலைவலிக்கு மருந்து. ஆனால் ஜெர்மனி வானிலைத் துறையில் கோப்புகளை அனுப்பப் பயன்படுத்துகிற ஒரு புரோகிராம் அதனால் நின்றது. அடுத்த மாதமே தடுப்பு இயல்பு நிலையில் அணைக்கப்பட்டது, வேண்டியவர்கள் இயக்கிக்கொள்ளலாம் என்று சுவிட்ச் மட்டும் கெர்னலில் இருந்தது. அப்புறம் பெரிய விநியோகங்கள் (கெர்னலோடு மற்ற புரோகிராம்களையும் சேர்த்துத் தருகிற லினக்ஸ் தொகுப்புகள்) எல்லாம் தாங்களாகவே அந்தச் சுவிட்சைப் போட்டுவிட்டன. இன்று உங்கள் உபுண்டுவிலோ டெபியனிலோ அது இயங்கிக்கொண்டுதான் இருக்கிறது. ஆக, பாதுகாப்பும் கிடைத்தது, வானிலைத் துறையும் பிழைத்தது.

சில சமயம் அந்த வசதியும் கிடையாது. 2017 ஜூனில் ஸ்டாக் கிளாஷ் என்ற ஓட்டை வந்தபோது, புரோகிராமின் ஸ்டாக் என்ற நினைவகப் பகுதிக்குக் கீழே விடும் காலி இடத்தை 4 கேபியிலிருந்து 1 எம்பியாக உயர்த்தினார்கள். 32 பிட் கணினிகளில் ஜாவா புரோகிராம்கள் சில விழுந்தன. திருத்தத்தைத் திரும்ப எடுக்கவில்லை, எடுக்கவும் முடியாது. திருத்தத்துக்கு மேல் திருத்தம் போட்டு ஜாவாவை எழுப்பினார்கள்.

என் கருத்து இது: ஓட்டையை அடைத்தே ஆக வேண்டும், ஆனால் அதனால் வருகிற சிரமத்தை முடிந்தவரை கெர்னல்தான் சுமக்க வேண்டும். விசிஸ்கால் பக்கத்தில் செய்தது போல. மணி கேட்பதற்கான அந்தக் குறியீடு எல்லாக் கணினியிலும் நினைவகத்தின் ஒரே முகவரியில் இருந்தது, தாக்குபவருக்கு அது சுலபமான பிடிமானம். 2011-ல் அங்கிருந்த நிஜமான குறியீட்டை எடுத்துவிட்டு, பழைய புரோகிராம் அங்கே வந்தால் கெர்னலே குறுக்கிட்டுப் பதில் சொல்லும்படி மாற்றினார்கள். வேகம் குறையும், ஆனால் ஓடும். பல வருஷம் கழித்துச் சில விநியோகங்கள் அதையும் அணைத்தபோது, சென்டோஸ் 6 போன்ற பழைய விநியோகங்களை உள்ளே வைத்து ஓட்டுகிற கன்டெய்னர்கள் திறந்த வேகத்தில் மூடிக்கொண்டன. உங்களிடம் அப்படி ஏதாவது ஓடினால், பூட் அமைப்பில் விசிஸ்கால் எமுலேட் என்று வைத்தால் எழுந்துவிடும்.

அப்டேட்டுக்குப் பிறகு தராசு கேபிள் வேலை செய்யவில்லை. இதுவும் கெர்னல் உடைத்ததா?

பெரும்பாலும் இல்லை. கொலுசுப் பட்டறைத் தராசுகள் நிறைய இன்னும் சீரியல் போர்ட்டில்தான் பேசுகின்றன, அதற்கு ஒரு யூஎஸ்பி மாற்றுக் கேபிள் போட்டிருப்பீர்கள். கெர்னல் அதற்கு டிடிஒய் யூஎஸ்பி 0 என்று பெயர் கொடுக்கும், பில் புரோகிராமிலும் யாரோ அந்தப் பெயரை எழுதி வைத்திருப்பார்கள். கூடவே ஒரு பார்கோடு கருவியும் அதே மாதிரிக் கேபிளில் இருந்தால், எது முதலில் கண்ணில் படுகிறதோ அது 0, அடுத்தது 1. அப்டேட்டால் பூட் ஆகிற நேரம் கொஞ்சம் மாறியிருக்கும், எண் இடம் மாறியிருக்கும், பில் புரோகிராம் தராசிடம் பேசுவதாக நினைத்துப் பார்கோடு கருவியிடம் பேசிக்கொண்டிருக்கும். இந்த வரிசை என்றைக்கும் மாறாது என்று கெர்னல் ஒருபோதும் சொன்னதில்லை.

டெவ் கோப்புறையில் சீரியல் என்று ஒன்று இருக்கிறது, அதற்குள் பை-ஐடி, பை-பாத் என்று இரண்டு. அதில் இருக்கிற பெயரைப் புரோகிராமில் கொடுங்கள். மலிவான கேபிள்களில் தனி வரிசை எண் இருக்காது, ஒரே மாதிரி இரண்டு செருகினால் பை-ஐடியில் பெயர் மோதும். அதற்கு பை-பாத்தான் வழி, ஆனால் கேபிளை அதே யூஎஸ்பி ஓட்டையில்தான் செருக வேண்டும் என்று பட்டறைப் பையனிடம் சொல்லிவைக்க வேண்டும். பெயின்ட்டில் ஒரு பொட்டு வைத்துவிடுங்கள்.

கேபிள் விஷயத்தில் ஒரு கதையும் உண்டு. 2014-ல் எஃப்டிடிஐ நிறுவனத்தின் விண்டோஸ் டிரைவர் அப்டேட், போலிச் சிப்களின் அடையாள எண்ணைப் பூஜ்யமாக்கிச் செயலிழக்க வைத்தது. கேபிளை வாங்கியவருக்கு அது போலி என்றே தெரியாது. லினக்ஸ் டிரைவரில் அந்தப் பூஜ்ய எண்ணையும் பட்டியலில் சேர்த்துக்கொண்டார்கள், அங்கே செத்த கேபிள் இங்கே ஓடியது. கையில் இருக்கிற பொருள் ஓட வேண்டும் என்கிற எண்ணம் டிரைவர் வரைக்கும் இறங்கியிருப்பது அந்த ஒரு வரியில் தெரிகிறது.

பிறகு ஏன் என் வைஃபை டிரைவர் மட்டும் ஒவ்வொரு கெர்னலுக்கும் போய்விடுகிறது?

உத்தரவாதம் கெர்னலுக்கு வெளியே இருக்கிற புரோகிராம்களுக்கு மட்டும்தான். உள்ளுக்குள் ஒரு பகுதி இன்னொரு பகுதியோடு பேசுகிற விதம் எப்போது வேண்டுமானாலும் மாறும், அதை வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள். டிரைவர் கெர்னலின் மூலக் குறியீட்டுக்குள்ளேயே இருந்தால், மாற்றுகிறவரே அதையும் சேர்த்து மாற்றிவிடுவார். உங்களுடையது வெளியிலிருந்து இறக்கிப் போட்டது, அதைப் பார்க்க ஆள் இல்லை. உள்ளே டிரைவர் இருக்கிற சிப்பாகப் பார்த்து வாங்குங்கள், வேறு நல்ல வழி கிடையாது.

விண்டோஸும் மேக்கும் இதை எப்படிச் சமாளிக்கின்றன?

விண்டோஸ் பழசைக் காப்பாற்றப் பொய்கூடச் சொல்லும். 8.1-இலிருந்து, புதிய பதிப்புகளைத் தெரியும் என்று அறிவிக்காத புரோகிராம் பதிப்பு எண்ணைக் கேட்டால் 6.2 (விண்டோஸ் 8-இன் எண்) என்றே பதில் வரும், ஏனென்றால் எண்ணைத் தப்பாக ஒப்பிட்டு ஓட மறுக்கிற புரோகிராம்கள் அவ்வளவு இருந்தன. லினக்ஸும் இதைச் செய்திருக்கிறது: 2011-ல் 2.6-இலிருந்து 3.0-க்குப் போனபோது, 2.6 என்று இருந்தால்தான் ஓடுவேன் என்ற புரோகிராம்களுக்காக 2.6.40 என்று சொல்லிக்கொள்கிற ஒரு வசதி சேர்த்தார்கள்.

2018 ஜனவரியில் மெல்ட்டவுன் என்ற சிபியு ஓட்டைக்கான திருத்தம் வந்தபோது மைக்ரோசாஃப்ட் மாட்டிக்கொண்டது. சில ஆன்டிவைரஸ்கள் கெர்னல் நினைவகத்துக்குள் அனுமதியில்லாத வழியில் கை வைத்திருந்தன, திருத்தம் போட்டால் நீலத்திரை. அதனால், ஆன்டிவைரஸ் நிறுவனம் தன் பொருள் சரியாக இருக்கிறது என்று ரெஜிஸ்ட்ரியில் ஒரு குறி போட்டால்தான் அப்டேட் இறங்கும் என்று வைத்தார்கள். யாரோ எழுதிய மோசமான குறியீட்டுக்காகக் கோடிக்கணக்கான கணினிகளின் பாதுகாப்பு ஒரு குறிக்காகக் காத்திருந்தது.

மேக் அவ்வளவு இரக்கம் காட்டாது. 2019-ல் கேட்டலினா என்ற பதிப்பு வந்ததும் 32 பிட் புரோகிராம்கள் மொத்தமாக நின்றன. கெர்னலிடம் நேரடியாகப் பேசுவதற்கும் அங்கே உத்தரவாதம் இல்லை, ஆப்பிளின் நூலகம் வழியாகத்தான் போக வேண்டும். கோ என்ற நிரல் மொழி நேரடியாகப் பேசிக்கொண்டிருந்தது. 2016-ல் சியரா என்ற மேக் பதிப்பு வந்தபோது மணி கேட்கிற அழைப்பு உள்ளே மாறியிருந்ததால் பழைய கோ புரோகிராம்கள் விழுந்தன.

ஓப்பன்பிஎஸ்டி என்ற இன்னொரு இயங்குதளம் இன்னும் கறார். 2014-ல் 5.5 பதிப்பில் நேரக் கணக்கை 64 பிட்டாக மாற்றினார்கள், எல்லாவற்றையும் புதிதாகக் கம்பைல் செய்யச் சொல்லிவிட்டார்கள். சுத்தமான தீர்வு. எல்லா மென்பொருளின் மூலக் குறியீடும் கையில் இருக்கிறவர்களுக்குத்தான் அது சரிப்படும்.

2038 பிரச்சினை என்கிறார்களே, லினக்ஸில் பழசை உடைக்காமல் அதை எப்படித் தீர்த்தார்கள்?

32 பிட் நேரக் கணக்கு 2038 ஜனவரி 19 அன்று நம் நேரப்படி காலை 8:44-க்கு நிரம்பிவிடும். பழைய அழைப்புகளைத் தொடாமல், 64 பிட் நேரம் தருகிற புதிய அழைப்புகளைப் பக்கத்திலேயே சேர்த்தார்கள், 2019-ல் 5.1-ல் அவை வந்தன, 2020-ல் 5.6-ல் வேலை ஏறக்குறைய முடிந்தது. நம் தெருக்களில் ஒரே கதவில் பழைய எண், புதிய எண் என்று இரண்டையும் எழுதி வைத்திருப்பது போலத்தான். பழைய எண்ணைக் கேட்டு வருகிற தபாலும் வந்து சேரும். ஆனால் பழைய எண்ணிலேயே நிற்கிற புரோகிராம் 2038-ல் தப்பாகத்தான் மணி சொல்லும், அதைக் கெர்னல் காப்பாற்றாது.

நாங்கள் மாணவர்கள். இதிலிருந்து எங்கள் புராஜெக்டுக்கு எடுத்துக்கொள்ள ஏதாவது உண்டா?

ஒன்றை மட்டும் சொல்கிறேன், தெரியாததை ஏற்றுக்கொள்ளாதீர்கள். கோப்பைத் திறக்கிற ஓப்பன் அழைப்பு, தனக்குப் புரியாத கொடிகள் (ஃபிளாக், எப்படித் திறக்க வேண்டும் என்று சொல்கிற குறிகள்) வந்தால் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். பெருந்தன்மை மாதிரித் தெரியும். விளைவு என்ன? பிற்காலத்தில் அந்தக் கொடிக்கு ஓர் அர்த்தம் கொடுக்க முடியாது, ஏனென்றால் ஏற்கெனவே எவனோ குப்பையாக அதை அனுப்பிக்கொண்டிருப்பான். 2013-ல் தற்காலிகக் கோப்புக்கு ஒரு கொடி சேர்த்தபோது, பழைய கெர்னல்களில் அது தப்பாக வேலை செய்யாமல் பிழை தரும்படி இன்னொரு கொடியோடு பிணைத்துச் சாமர்த்தியம் செய்ய வேண்டியிருந்தது. 2020-ல் வந்த ஓப்பன்அட்2 அழைப்பு புரியாத கொடியைப் பார்த்தால் மறுத்துவிடும். முதல் நாளிலிருந்தே கண்டிப்பாக இருந்தால் பின்னால் வளர இடம் கிடைக்கும்.

யாரும் கவனிக்காவிட்டால் அது உடைப்பே இல்லை என்கிறார்களாமே, இது நியாயமா?

இதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன் என்றுகூடச் சொல்லலாம். விதி நடைமுறையில் அப்படித்தான் இருக்கிறது: மாற்றுகிறார்கள், யாராவது கத்தினால் திரும்ப எடுக்கிறார்கள், கத்தாவிட்டால் அது நிலைக்கிறது. வேறு வழியும் இல்லை, ஒவ்வொரு சின்ன நடத்தையையும் என்றென்றைக்கும் காப்பாற்ற நினைத்தால் ஒரு வரியைக்கூட மாற்ற முடியாது. 386 சிப்புக்கான ஆதரவை 3.8-ல் எடுத்தார்கள், 2025 ஜனவரியில் 6.13-ல் ரைசர்எஃப்எஸ் கோப்பு முறைமையை எடுத்தார்கள், பயனர்கள் இல்லை என்று உறுதியான பிறகு, ரைசர்எஃப்எஸ்ஸுக்கு 2022-லேயே அறிவிப்பும் கொடுத்து. அதில் எனக்கு மனத்தாங்கல் இல்லை.

என் கவலை வேறு. ஜெர்மனி வானிலைத் துறைக்காரர்களின் குரல் எட்டியது, அதனால் அவர்களுக்காகக் கெர்னல் வளைந்தது. செவ்வாய்ப்பேட்டைப் பட்டறைக்காரர் யாருக்கு எழுதுவார்? எனக்குப் போன் செய்வார், நான் பழைய கெர்னலை பூட் செய்து கொடுத்துவிட்டு வருவேன், விஷயம் அங்கேயே முடிந்துவிடும். இளம்பிள்ளையில் தறி டிசைன் கணினி நின்றால் புதுசு வாங்குகிறார்கள். கெர்னல் எழுதுகிறவர்களின் கணக்கில் நாம் யாரும் இல்லை, அவர்கள் நம்மை ஒதுக்கவில்லை, நாம் சொல்லவே இல்லை. சத்தம் போடுகிறவர்களுக்குச் சாதகமாக வேலை செய்கிற விதி இது. நம் ஊரில் கணினி பார்த்துக்கொள்கிற ஒவ்வொருவரும், படிக்கிற பிள்ளைகளும், இதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அதுவரை அப்டேட்டே போடாமல் விட்டுவிடலாமா?

கூடாது. இணையத்தில் இருக்கிற கணினி என்றால் கண்டிப்பாகக் கூடாது. நீண்டகால ஆதரவுக் கெர்னலில் இருங்கள், பழைய கெர்னலை பூட் மெனுவில் விட்டு வையுங்கள், எல்லாக் கணினிக்கும் ஒரே நாளில் போடாதீர்கள். எஸ்டேட்டில் காப்பிப் பழம் எடை போடுகிற பருவத்தில், ஜவ்வரிசி ஆலையில் கிழங்கு லாரிகள் எடை மேடையில் வரிசை கட்டுகிற சமயத்தில், அவசரப் பாதுகாப்புத் திருத்தம் தவிர எதையும் தொட வேண்டாம்.

சரி அண்ணே, புகார் எப்படி எழுதுவது? இங்கிலீஷ் சரளமாக வராதே.

வராவிட்டால் பரவாயில்லை தம்பி, விவரம்தான் வேண்டும். எந்தப் பதிப்பில் ஓடியது, எந்தப் பதிப்பில் நின்றது, என்ன செய்தால் நிற்கிறது, கெர்னல் பதிவில் என்ன வந்தது, இவ்வளவு போதும். விநியோகத்தின் கெர்னல் என்றால் முதலில் அவர்களுக்கு எழுது. டோர்வால்ட்ஸ் வெளியிடுகிற மூலக் கெர்னலிலும் அதே சிக்கல் என்றால், இதற்கென்றே தனி மின்னஞ்சல் பட்டியல் இருக்கிறது, ரெக்ரஷன் (regression, முன்பு ஓடியது இப்போது ஓடாமல் போவது) என்ற சொல்லைத் தலைப்பில் போடு. அந்தச் சொல்லுக்கு அங்கே தனி மரியாதை உண்டு; ரெக்ஸ்பாட் (regzbot) என்ற தானியங்கியின் கணக்கில் ஏற்றிவிட்டால், தீரும்வரை அது பின்தொடரும்.

முடிந்தால், கெர்னல் மாற்றங்களைப் பதிந்து வைக்கிற கிட் என்ற கருவியில் பைசெக்ட் செய். இரண்டு பதிப்புகளுக்கு இடையே பதினைந்தாயிரம் மாற்றங்கள் இருந்தாலும், பாதி பாதியாக வெட்டிக்கொண்டே போனால் சுமார் 14 தடவை கம்பைல் செய்து பூட் பண்ணினால் குற்றவாளி மாற்றம் கையில் சிக்கிவிடும். பழைய லேப்டாப்பில் ஒன்றிரண்டு நாள் எடுக்கும். ஆனால் இந்த மாற்றம்தான் என்று காட்டிவிட்டால், வாதம் பாதி முடிந்தது, எழுதியவரே வந்து பேசுவார். அவர் ஒரு சோதனைப் பேட்ச் அனுப்பினால் அதே தராசை, அதே கேபிளை வைத்து ஓட்டிப் பார்த்து, சரியானதா இல்லையா என்று கட்டாயம் பதில் எழுது, அவர்களிடம் அந்தத் தராசு கிடையாது.